துணையின் பெயர் சொல்லாத பாடல்

இங்கிலாந்தில் நல்லடக்க ஆராதனைக்கென்று குடும்பத்தார் போதகரிடம் கேட்கும் பாடல்களுள் ஒன்று 'யூ வில் நெவர் வாக் அலோன்'. நீ ஒருபோதும் தனித்து நடவாய் என்பது அதன் பொருள். அது ஞானப்பாட்டன்று, நாடகப்பாட்டு. கடவுளின் பெயர் அதில் ஓரிடத்தும் இல்லை. ஆதலின் ஆலயத்தில் அதற்கு இடமில்லை என்பாரும், ஆறுதல் அளிப்பதால் இருக்கட்டும் என்பாரும் உளர். இரு சாராரும் சொற்களை மட்டுமே நோக்குகின்றனர். அது எவ்வாறு பாடப்பட்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ் இசையும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாடல்களும் அமைந்த 'கரௌசல்' நாடகம் 1945 ஏப்ரல் 19இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதிபர் ரூஸ்வெல்ட் மறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது, உலகப்போரும் ஓயவில்லை. கொள்ளையடிக்க முயன்று அகப்படும் நிலையில் நாயகன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறான். கருவுற்றிருக்கும் அவன் மனைவியின் அருகில் நின்று உறவினள் ஒருத்தி இப்பாடலைப் பாடுகிறாள். ஆண்டுகள் பல கழிந்து, பிற பிள்ளைகளால் ஒதுக்கப்பட்ட அவன் மகளின் பள்ளி நிறைவு விழாவில் ஊரார் அனைவரும் சேர்ந்து அதையே பாடுகின்றனர். ஆகவே தனிக்குரலும் பலர் குரலும் தொடக்கத்திலேயே இப்பாடலுக்கு உரியவை.

சொற்களில் ஒரு குறை உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 23ஆம் சங்கீதத்தில் கர்த்தரைப் படர்க்கையில் பேசிவந்த பாடகன், இருண்ட பள்ளத்தாக்கை அடைந்ததும் அவரை முன்னிலையில் விளிக்கத் தொடங்குகிறான். துணை யாரென்று அவன் அறிவான். நம் பாடலிலோ புயல் உண்டு, இருள் உண்டு, நடக்கச் சொல்லும் ஏவலும் உண்டு; உடன்வருபவர் யாரென்பது இல்லை.

இந்த வெற்றிடத்தைத் தனிப்பாடகர் பலர் தம் குரலால் நிரப்பினர். ஃபிராங்க் சினாத்ரா 1945இலும், ராய் ஹாமில்டன் 1954இலும், எல்விஸ் பிரெஸ்லி 1967இலும் இதைப் பதிவுசெய்தனர். ஹாமில்டனின் குரல்வளம் வியப்புக்குரியதே. எனினும் இறுதி உச்சத்தில் நாம் பாடகரை வியக்கிறோமேயன்றி, நமக்குத் துணை கிடைத்ததாக உணர்வதில்லை.

லிவர்பூலின் ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்ட பதிவு வேறு வகையினது. ஜெரி மார்ஸ்டனின் குரல் பெரிதன்று, எவரும் உடன்பாடக்கூடியது. அந்நகரக் கால்பந்து அரங்கின் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 1985இல் பிராட்ஃபோர்டு அரங்கில் தீப்பற்றி 56 பேர் மாண்டபோது மார்ஸ்டன் பலரைச் சேர்த்து மீண்டும் பாடினார். குழுவுக்கு இட்ட பெயர் 'கூட்டம்' எனப் பொருள்படும் 'த க்ரௌட்'. பாடலுக்கு இதனினும் சிறந்த விளக்கவுரையை நாம் கண்டதில்லை.

1989 ஏப்ரல் 15இல் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் சிக்கி உயிரிழந்தோர் 97 பேர். முதல் விசாரணை அதனை விபத்து மரணம் என்றது. சட்டத்துக்குப் புறம்பான மரணம் என்ற தீர்ப்பு 2016இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரங்கத்தார் இப்பாடலைப் பாடியபோது, அது இழந்த குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்காயிற்று. உடன்நடப்பவர் யாரென்ற வினாவுக்கு, பாடுகிற நாங்களே என்பது அவர்கள் விடை. சபையாராகிய நாம் அடக்கம் முடிந்த மறுவாரம் கைம்பெண்ணின் வீட்டிற்குச் செல்லாதிருப்போமாயின், கடவுளின் பெயர் நிறைந்த கீர்த்தனையைப் பாடியும் இவ்விடையை அளித்தவராகோம்.

1972 ஜனவரியில் அரீத்தா ஃபிராங்க்ளின் லாஸ் ஏஞ்சல்ஸ் பாப்திஸ்து ஆலயமொன்றில், போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்டும் பாடகர் குழுவும் சூழ இதைப் பாடினார். சுற்றிலும் நற்செய்திப் பாடல்கள் ஒலித்த அவ்விடத்தில் துணையின் பெயரைத் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிவுகளுள் இதையே நாம் முதலில் வைப்போம்.

2020 ஏப்ரலில், நூறு வயதை எட்டவிருந்த கேப்டன் டாம் மூர், மைக்கேல் பாலுடனும் மருத்துவப் பணியாளர் குழுவுடனும் வெளியிட்ட பதிவு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. இசையளவில் அது எளிய பதிவே. முதியவர் பாடவில்லை, சொற்களைப் பேசுகிறார். ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. அடக்கத்திற்குச் சிலரே செல்ல முடிந்தது. பலர் உற்றார் அருகின்றி மாண்டனர். அந்நாட்களில் அச்சொற்கள் மெய்யாகவில்லை என்பதை அறிந்தே மக்கள் அதை வாங்கினர். பதிவின் வருவாய் மருத்துவமனைத் தொண்டுகளுக்குச் சென்றது.