போர்முனையிலிருந்து நீதிமன்றம் வரை: ஹோம்ஸ், டூர்ஜே ஆகியோரின் எழுத்துகள் பற்றிய ஒரு நோக்கு

போர் முடிந்தபின் போர்வீரன் என்ன ஆகிறான் என்னும் வினா வரலாற்றாசிரியனுக்கு மட்டும் உரியதன்று; இலக்கிய விமர்சகனுக்கும் உரியது. போரின் நினைவு முதலிற் சொல்லாகவே உருப்பெறுகின்றது. அச்சொல் மேடைப் பேச்சாகலாம், நாவலாகலாம், தீர்ப்பாகவும் ஆகலாம். எந்த உருவிலே வந்தாலும் அது பின்வரும் தலைமுறையின் வாழ்வைத் தொடாமற் போவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் (1861-1865) இதற்குத் தக்க சான்றாகும். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அப்போரிலிருந்து மீண்டவர்கள் பலர் அரசியலையும் சட்டத்துறையையும் நாடினர். 1869இற் பதவியேற்ற கிராண்ட் முதல் 1901இற் கொலையுண்ட மக்கின்லி வரை ஜனாதிபதிகளாக இருந்தோருள், அப்போரிலே சீருடை அணியாதவர் குரோவர் கிளீவ்லாந்து ஒருவரே. எனினும் போரின் பொருள் யாது என்பதை எழுத்தில் ஆழமாக எதிர்கொண்டவர்கள் என்ற வகையில், ஒலிவர் வென்டல் ஹோம்ஸ், அல்பியன் டூர்ஜே என்னும் இருவரும் தனித்து நோக்கத்தக்கவர்கள். எட்மண்ட் வில்சன் 1962இல் வெளியிட்ட தமது பெருநூலில் இருவரையும் ஆராய்ந்தாராயினும் வெவ்வேறு இயல்களிலேயே வைத்து ஆராய்ந்தார். இருவரையும் அருகருகே நிறுத்தும்போதே அவர்தம் எழுத்தின் உண்மைப் பெறுமதி தெளிவாகின்றது.

இருவரும் ஒரே பக்கத்தில் நின்று போராடியவர்கள், இருவரும் காயம்பட்டவர்கள். பொஸ்டன் நகரின் உயர்குடியிற் பிறந்த ஹோம்ஸ் மாணவனாயிருந்த காலத்தில் அடிமை ஒழிப்பியக்கத்தின்பால் ஈடுபாடு கொண்டிருந்தார். 1861இல் மார்பிலும் 1862இல் கழுத்திலும் 1863இற் குதிகாலிலும் குண்டடிபட்டார். ஒகையோவிற் பிறந்த டூர்ஜே 1861இல் முதுகெலும்பிற் காயமுற்றுச் சில காலம் நடக்க இயலாதிருந்தார். மீண்டும் படையிற் சேர்ந்து, மீண்டும் காயமுற்று, 1863இற் சிறைப்பட்டார். அனுபவம் ஏறத்தாழ ஒன்றே. அதிலிருந்து பெற்ற பாடமோ முற்றிலும் வேறானது.

ஹோம்ஸ் 1895ஆம் ஆண்டு ஹாவாட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய 'போர்வீரனின் நம்பிக்கை' என்னும் உரை ஆங்கிலச் சொற்பொழிவிலக்கியத்திற் புகழ்பெற்றது. அதன் நடை செறிவானது, சொல் வீண்போகாதது, அச்சத்தையும் இரவுக் காவலையும் தோழரின் சாவையும் கண்டவன் ஒருவனாலேயே அவ்வாறு பேசமுடியும். எனினும் அவ்வுரையின் மையக் கருத்தை உற்றுநோக்குதல் வேண்டும். தான் அதிகம் விளங்கிக்கொள்ளாத ஒரு இலட்சியத்துக்காக, கண்மூடிக் கடமையேற்று உயிர்துறக்கும் வீரனின் விசுவாசமே போற்றத்தக்கது என்பது ஹோம்ஸின் துணிபு. எதற்காகப் போர் என்ற வினா இங்கே மறைந்துவிடுகின்றது. நாற்பது இலட்சம் அடிமைகளின் விடுதலை பின்னணியிலும் இல்லை. வீரம் எஞ்சுகின்றது, வீரத்துக்குக் காரணமாயிருந்த மனிதன் காணாமற் போகிறான். தியடோர் ரூஸ்வெல்ட் இவ்வுரையைப் பெரிதும் பாராட்டியவர் என்பதும், 1902இல் ஹோம்ஸை உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தவர் அவரே என்பதும் மனங்கொள்ளத்தக்கவை.

மேடையில் தொடங்கிய இம்மறதி தீர்ப்பிலே தொடர்ந்தது. அலபாமாவில் வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்களின் சார்பில் ஜைல்ஸ் என்பவர் தொடுத்த வழக்கில், 1903இற் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ். பெரும் அரசியல் அநீதிக்குப் பரிகாரம் அரசியல் வழியிலேயே தேடப்படவேண்டும் என்றார் அவர். வாக்கற்றவன் அரசியல் வழியை எங்ஙனம் நாடுவான் என்பதற்கு அத்தீர்ப்பில் விடையில்லை. 1927இல் கறி பக் என்னும் வேர்ஜீனியப் பெண்ணுக்குக் கட்டாய மலடாக்கற் சிகிச்சை செய்வதை அனுமதித்த தீர்ப்போ இன்னும் கொடியது. நாடு தன் சிறந்த குடிமக்களின் உயிரையே கேட்கக்கூடுமெனின், ஏனையோரிடம் அதனினும் சிறிய தியாகத்தைக் கேட்பது விந்தையன்று என்பதே அவரது வாதம். 1895இன் உரை இங்கே சட்டமாகியுள்ளது. போர்க்களத்தின் அளவுகோல், தற்காப்பற்ற ஒரு பெண்ணின் உடல்மீது வைக்கப்படுகின்றது. அவர் அறிவுக்குறைபாடு உடையவரல்லர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஹோம்ஸின் மறுபக்கத்தையும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது. 1905இல் தொழிலாளரின் வேலைநேரச் சட்டத்துக்குச் சார்பாகவும், 1919இற் கருத்துச் சுதந்திரத்துக்குச் சார்பாகவும் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகள் என்றும் நிலைப்பவை. உறுதியான கொள்கைகள் மனிதரைக் கொலைக்களத்துக்கு இட்டுச்செல்வதைக் கண்டவர் அவர். அக்காட்சி தந்த ஐயமே சுதந்திரத்துக்கு அரணாயிற்று. அதே ஐயம் பலவீனருக்குப் புகலிடமின்மையாகவும் ஆயிற்று.

டூர்ஜேயின் பாதை வேறு. போர் முடிந்ததும் வட கரோலினாவிற் குடியேறிய அவர், 1868 முதல் 1874 வரை அங்கு நீதிபதியாயிருந்து, கூ கிளக்ஸ் கிளானின் மிரட்டல்களுக்கு மத்தியில் கடமையாற்றினார். அவ்வனுபவமே 1879இற் பெயர் மறைத்து அவர் வெளியிட்ட 'ஒரு மூடனின் பணி' என்னும் நாவலாயிற்று. கலை நோக்கில் அது குறையுடைய படைப்பே. பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் ஆசிரியர் பிரசங்கிக்கின்றார். தந்தையைக் காக்க மகள் நள்ளிரவிற் குதிரையேறிப் பாயும் நிகழ்ச்சி நாடகப் பாங்கானது. ஆயினும் போர் முடிந்ததும் அநீதி முடிந்துவிடவில்லை என்ற உண்மையை அந்நாவல் விடாது பற்றிநிற்கின்றது. 1870இல் யான்சிவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஜோன் ஸ்டீவன்ஸ் கொல்லப்பட்ட நிகழ்ச்சி அதிற் கதையாக வருகின்றது. வென்றவன் பெருமிதங்கொள்ளாது தன்னை மூடன் என அழைத்துக்கொள்வதில் உள்ள கசப்பு, ஹோம்ஸின் செம்மாந்த உரையில் இல்லாத ஒன்று.

1896இல் இரயிற் பெட்டியில் இனவாரிப் பிரிவினையை எதிர்த்த ஹோமர் பிளெசிக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்குரைத்தவர் டூர்ஜேயே. ஏழுக்கு ஒன்று என வழக்குத் தோற்றது. பெரும்பான்மையோடு நின்ற எட்வேட் வைட், தென்பகுதிப் படையிற் பணியாற்றியவர். தனித்து மாறுபட்ட ஜோன் ஹார்லன், ஒருகாலத்தில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தும் வடபகுதிப் படைக்குத் தலைமைதாங்கிய கேணல். ஆகவே போரனுபவம் தன்னளவில் எவரையும் நீதிமானாக்குவதில்லை. அதனை எவ்வாறு பொருள்கொள்கிறான் என்பதே ஒருவனை உருவாக்குகின்றது.

நடையழகால் மட்டும் அளப்போர் ஹோம்ஸையே உயர்த்துவர். ஆனால் உருவத்தின் சிறப்பு உள்ளடக்கத்தின் வறுமையை மறைக்கும்போது அதனைச் சுட்டுவதே விமர்சனத்தின் கடமையாகும். பிளெசி தீர்ப்பின் அடிப்படை 1954இற் கல்வித்துறையில் நிராகரிக்கப்பட்டது; 2022இல் லூசியானா மாநிலம் பிளெசிக்கு மரணத்தின் பின் மன்னிப்பு வழங்கியது. கறி பக் தீர்ப்போ இன்றுவரை வெளிப்படையாக நீக்கப்படவில்லை. மாண்டவரைப் போற்றும் சொல், அவர் எதற்காக மாண்டார் என்பதை மறக்குமாயின், வாழ்பவருக்கே அது தீங்காக முடியும் என்பதை இவ்விருவரின் எழுத்துகளும் உணர்த்துகின்றன.