மின்புலத்தில் விளையும் படிகங்கள்

திரவத்தில் மிதக்கும் மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களை மின்புலத்தால் அடுக்கும் கலைக்கு 1949இல் வில்லிஸ் வின்ஸ்லோ வெளியிட்ட கட்டுரையே மூலம். எண்ணெயில் கலந்த துகள்கள் மின்புலத்தில் இழை இழையாகக் கோத்துக்கொள்வதையும், அதனால் எண்ணெய் கெட்டிப்படுவதையும் அவர் காட்டினார். அவர் நாடியது கெட்டித்தன்மையை. படிக ஒழுங்கை நாடியவர்கள் பின்னால் வந்து வெவ்வேறு வழிகளில் சென்றார்கள். நெதர்லாந்து மரபு, துகளுக்குள் மின்புலம் தூண்டும் இருமுனையை நம்புகிறது. புலத்தின் திசையில் இருமுனைகள் ஒன்றையொன்று ஈர்க்கும், பக்கவாட்டில் விலக்கும். யெத்திராஜும் வான் பிளாடரனும் 2003இல் இந்த ஈர்ப்பைப் புலத்தாலும், துகள்களின் மின்விலக்கத்தை உப்பாலும் கூட்டிக் குறைத்து, ஒரே கூழ்மத்தில் (திரவத்தில் துகள்கள் மிதக்கும் கலவையில்) பல படிக அமைப்புகளை வரவழைத்தார்கள். பிரின்ஸ்டனில் டிராவ், சாவில், அக்சாய் மூவரும் 1996இல் கண்டது வேறு. மின்முனையின் மேல் படுத்த துகள்கள், புலத்துக்குப் பக்கவாட்டில் இருப்பதால் இருமுனை விதிப்படி விலக வேண்டியவை, நெருங்கித் தளமாக அமைந்தன. அவற்றைச் சேர்த்தது புலம் கிளப்பிய திரவ ஓட்டம். வட கரோலினாவில் வெலேவ் குழுவினர் சீரற்ற மாறுதிசைப் புலத்தால் துகள்களை இழுத்து, முதலில் சங்கிலிகளாகவும் பிறகு அறுகோணத் தளங்களாகவும் சேர்த்தனர்.

இவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? வேகத்தைச் சொல்வோர் உண்டு, நான் ஏற்கவில்லை. வேகம் வேண்டுமானால் புலத்தை வலுப்படுத்த வேண்டும்; இருமுனை ஈர்ப்போ புலத்தின் இருமடியில் வளரும்: புலத்தை இரட்டித்தால் ஈர்ப்பு நான்கு மடங்கு. வலுத்த புலத்தில் தவறான இடத்தில் ஒட்டிய துகள் அங்கேயே சிறைப்படும். வெப்ப அலைச்சலால் விடுபட்டுச் சரியான இடம் தேட முடியாது. ஆகவே புலத்தைத் தணிக்கத் தெரிவதே இதில் தேர்ச்சி. ஆய்வாளர் பெவனும் அவரோடு உழைத்தவர்களும் நுண்ணோக்கியில் ஒழுங்கை அளந்தபடியே புலத்தை ஏற்றி இறக்கிக் குறையற்ற சிறு படிகங்களைப் பெற்றது இதற்குச் சான்று. புலமே இல்லாமல், செறிவு மட்டும் போதுமே என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான், கோளங்கள் கன அளவில் சுமார் 49 விழுக்காட்டைத் தாண்டினாலே படிகமாகத் தொடங்குவதை 1986இல் பியூசியும் வான் மேகெனும் சோதனையில் காட்டினர். ஆனால் அப்படி வருவது நெருங்கிய அடுக்கு, அதிலும் தளங்களின் வரிசை பெரும்பாலும் கலைந்திருக்கும். 1991இல் டாவோவும் சன்னும் கணக்கிட்டுச் சொன்ன நாற்கோணப் படிகத்துக்குப் புலம் வேண்டும். புலத்தை நிறுத்தினால் அது கலைந்துவிடுமே என்பது கனமான ஆட்சேபம். கலையக்கூடியதால்தான் திருத்த முடிகிறது என்பேன். நிலைக்க வேண்டுமென்றால், நெதர்லாந்தின் யூட்ரெக்டில் துகள் சங்கிலிகளைச் சூடாக்கி இணைத்ததுபோல் பூட்டலாம். பூட்டியபின் எந்தத் துகளும் இடம் மாறாது. திருத்தமெல்லாம் சூடேற்றுமுன் முடிந்திருக்க வேண்டும்.