நீள்நோயும் பொறுமையும்: அஸ்ஸய்யாபின் அய்யூப்

நவீன அரபுக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர் இராக்கின் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் (1926–1964). நரம்புகளைப் படிப்படியாகச் சிதைத்த நோய் அவருடைய கால்களை முடக்கியது. பெய்ரூத், லண்டன், பாரிஸ் என மருத்துவம் நாடிச் சென்றும் குணம் காணாது, 1964 டிசம்பர் 24இல் குவைத்தில் மறைந்தார். லண்டன் குளிர்காலத்தில் அவர் எழுதிய ‘ஸிஃப்ரு அய்யூப்’ (அய்யூபின் ஏடு) என்னும் தொடர்கவிதை, 1963இல் வெளிவந்த ‘மன்ஸிலுல் அக்னான்’ தொகுப்பில் உள்ளது.

இதன் முதற்பகுதியே பெரிதும் அறியப்பட்டது. சோதனை எத்துணை நீண்டாலும் புகழனைத்தும் இறைவனுக்கே என்கிறார் நோயாளி. வலியையும் கொடையென ஏற்கிறார். இப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, சலனமற்ற பொறுமையின் சாசனமாகக் கொள்வது குறையுள்ள வாசிப்பாகும். தொடரும் பகுதிகளில் பனி பொழிகிறது. பிறந்த ஊரான ஜைக்கூரும் மனைவி மக்களும் எட்டாத் தொலைவில் இருக்கின்றனர். பொருளும் வீடுமின்றி அந்நிய மண்ணில் கிடக்கும் அய்யூப், நோயால் களைத்துப்போனதாக இறைவனிடமே முறையிடுகிறார்.

நன்றி முன்னும் களைப்பு பின்னுமாக அமைந்த இவ்வரிசைதான் கவிதையின் உண்மை. குறுகிய காலப் பிணிக்கு ஒரு முடிவு உண்டு. நீள்நோயோ ஒவ்வொரு விடியலிலும் புதிதாகத் தொடங்குகிறது. எனவே, நோயாளி நேற்று அடைந்த பொறுமை இன்றைக்குப் போதுவதில்லை. அதை அவர் மீண்டும் தேடியாக வேண்டும்.

இம்முறையீடு பொறுமைக்கு முரணா? அல்அன்பியா அத்தியாயத்தின் 83ஆம் வசனத்தில், தம்மைத் துன்பம் தீண்டியதென அய்யூப் நபி (அலை) அவர்களே இறைவனிடம் முறையிடுகின்றார்கள். ஸாத் அத்தியாயத்தின் 44ஆம் வசனமோ அவர்களைப் பொறுமையாளர் எனப் போற்றுகிறது. இறைவனிடம் முறையிடுவது பொறுமையைக் குலைக்காது என்பதை இப்னுல் கய்யிம் ‘உத்ததுஸ் ஸாபிரீன்’ நூலில் விளக்கியுள்ளார்.

ஒரு வேறுபாடும் நோக்கத்தக்கது. காலால் தரையை உதைக்குமாறு பணிக்கப்பட்ட நபிக்கு அங்கே குளிர்ந்த நீரும் அதன்வழி நலமும் கிட்டின. கவிஞரிடமிருந்து நோய் பறித்ததோ அந்தக் கால்களையே. நலம் திரும்பாத ஓர் அய்யூபின் நிலையிலிருந்து அவர் பேசுகிறார்.

‘மழைப் பாடல்’ காட்டிய செறிவு இங்கே இல்லை. சில இடங்களில் தன்னிரக்கம் கவிதையை மீறுகிறது. எனினும் நோயாளியிடம் பொறுமையை எதிர்பார்க்கும் நாம், அவருடைய மௌனத்தையே பொறுமையெனக் கருதிவிடுகிறோம். அத்தவற்றை உணர்த்துவதற்காகவேனும் இத்தொடரை முதற்பகுதியோடு நிறுத்தாமல் முழுமையாக வாசித்தல் வேண்டும்.