தோட்டம் என்னும் சொல்: செடியோடு கொண்ட உறவை மலேசியத் தமிழ் இலக்கியத் திறனாய்வு நோக்கும் முறை

முன்னுரை

மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்னும் சொல் இருவேறு நிலங்களைக் குறிக்கின்றது. வீட்டின் பின்புறத்தில் கீரையும் கறிவேப்பிலையும் விளையும் சிறுநிலமும் தோட்டமே. நிறுவனம் ஒன்றின் உடைமையாய் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடக்கும் ரப்பர்க் காடும் தோட்டமே. தமிழ்நாட்டு வாசகர் இச்சொல்லைக் கேட்டதும் முதற்பொருளை நினைப்பார். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ வாழும் முதியவர் இரண்டாவதையே நினைப்பார். ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, தோட்டம் அழிந்து குடியிருப்புப் பகுதியாய் மாறிய பின்னரும் 'லாடாங்' என்னும் முன்னொட்டைத் தம் பெயரிற் சுமந்து நிற்கின்றன. ஸ்கூடாய் வட்டாரத்திலுள்ள ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இதற்குச் சான்றாகும்.

மனிதனுக்கும் செடிக்கும் மண்ணுக்கும் இடையே ஆன்மிகத் தோழமை உண்டு என்னும் கருத்து அண்மைக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டு வருகின்றது. ஸ்காட்லாந்தில் 1962இல் தோன்றிய ஃபிண்ட்ஹார்ன் சமூகமும் 1975இல் வெளிவந்த மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யும் இக்கருத்தைப் பரப்பியவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நம் ஆய்வாளர்கள் இதனைத் தமிழ் மரபிற் காண விழைவது இயல்பே. அவ்விழைவு எங்குப் பொருந்துகின்றது, எங்குப் பொருந்தாமற் போகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

'இயைந்த வாழ்வு' என்னும் முடிவு

சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி எழுதப்படும் கட்டுரைகளுட் பல, 'பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்' என்று முடிகின்றன. இம்முடிவு பிழையானதன்று, ஆயின் பயனற்றது. எவரோடு எவர் எவ்வாறு இயைந்தனர், அவ்வியைபில் எவருக்கு என்ன கடப்பாடு இருந்தது என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியே பெரும்பாலும் முதற்சான்றாகக் காட்டப்பெறும். தமிழ் மரபு அச்செயலைக் 'கொடைமடம்' என்றே வகைப்படுத்தியது. அங்குப் போற்றப்படுவது கொடுத்தவனின் வண்மை. முல்லைக்கு அவன்மீது உரிமை ஏதும் கூறப்படவில்லை. தோழமை என்பது இரு திறத்தார்க்கும் உரிமையும் கடமையும் உடையதாயின், பாரியைக் காட்டிலும் பொருத்தமான சான்று நற்றிணையின் 172ஆம் பாடலில் உள்ளது.

சிறுமியர் விளையாட்டாய் வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னைவிதை முளைத்தது. அவர்கள் அதற்கு நெய்யும் பாலும் ஊட்டி வளர்த்தனர். அது நும்மினும் சிறந்த உடன்பிறப்பு எனத் தாய் கூறினாள். ஆதலின் அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகின்றோம் என்று தோழி உரைக்கின்றாள். துறைக்குறிப்பின்படி இது தலைவனை மணத்திற்குத் தூண்டும் கூற்று. எனவே மரத்தைத் தங்கை என்பது தோழியின் சொல்திறமேயன்றி நம்பிக்கையன்று என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை ஏற்பினும் ஒன்று எஞ்சுகின்றது. கேட்பவனும் அதனை ஒரு காரணமாக ஏற்கும் சூழல் இல்லையேல் அச்சொல்திறம் பலிக்காது. மரத்தின்முன் நாணவேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான அறமாய் இருந்தமையாலேயே தோழி அதனைக் கருவியாகக் கொள்ள முடிந்தது. ஈண்டுப் புன்னை அழகுப்பொருளாக நிற்கவில்லை. மனிதரின் நடத்தைக்கு எல்லை வகுக்கும் உறவாக நிற்கின்றது.

நந்தவனமும் தலமரமும்

பக்தி இலக்கியக் காலத்தில் இவ்வுறவு மாற்றம் பெறுகின்றது. திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து இறைவனுக்கு மாலை கட்டிய பெரியாழ்வாரும், இராமாநுசரின் விருப்பை ஏற்றுத் திருமலையில் மலர்த்தோட்டம் அமைத்த அனந்தாழ்வானும் தோட்டப்பணியையே வழிபாடாக்கினர். ஆண்டாள் துளசிச் செடியின் அடியிற் கண்டெடுக்கப்பட்டாள் என்னும் மரபு அத்தோட்டத்திற்குத் தாய்மையையே அளிக்கின்றது. எனினும் இவ்வுறவில் மூன்றாமவர் ஒருவர் உளர். செடிக்கும் தோட்டக்காரருக்கும் இடையே இறைவன் நிற்க, செடி பூத்தலும் அடியார் கொய்தலும் அவனுக்காகவே நிகழ்கின்றன. இது தொண்டில் இணைந்த தோழமை. புன்னையின் உடன்பிறப்புநிலை வேறு, நந்தவனத்தின் தொண்டுநிலை வேறு. இரண்டையும் 'தமிழரின் தாவர நேயம்' என்று ஒன்றாக்கும்போது திறனாய்வு தன் கூர்மையை இழக்கின்றது.

பால்மரம்: பகையா, உறவா?

மலேசியாவில் தமிழர் வாழ்ந்த தோட்டத்தின் மரம் அவர்கள் தேர்ந்ததன்று. ஜொகூரில் கம்பிரும் மிளகும் பயிரிட்டு வளமிழந்த நிலங்கள் பல பின்னர் ரப்பருக்கு மாறின. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவ்வகையில் மரமும் தொழிலாளியும் கடல்கடந்து கொண்டுவரப்பட்டவர்களே.

நம் புனைகதைகள் இம்மரத்தைத் துயரின் குறியீடாகவே பெரிதும் வாசிக்கச் செய்துள்ளன. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', கா. பெருமாளின் 'துயரப்பாதை' ஆகிய தலைப்புகளே அத்திசையைக் காட்டும். மரம் சிந்தும் பாலைத் தொழிலாளியின் குருதியோடு ஒப்பிடுவது திறனாய்வாளர்க்கும் பழகிப்போன உத்தி. சுரண்டலை உணர்த்துவதற்கு அவ்வொப்பீடு உதவியது. ஆயின் அது ஓர் உண்மையை மறைத்தும் விட்டது.

பால்வெட்டு என்பது கொல்லும் தொழிலன்று. காம்பியம் எனப்படும் வளர்திசுவில் படாமல் பட்டையை மட்டும் மெல்லிய சீவலாய் எடுத்தல் வேண்டும். அத்திசுவில் கத்தி பட்டால் மரம் முடிச்சிட்டுப் போகும். செவ்வனே சீவினால் பட்டை மீண்டும் வளர்ந்து, சில ஆண்டுகளில் மறுபடியும் பால்தரும். மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்பொழுதில் பால் நன்கு ஒழுகும் என்பதாலேயே இருள் பிரியுமுன் நிரைக்குச் சென்றனர். ஒரு நிரையில் நானூறு ஐந்நூறு மரங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பட்டையையும் கையால் அறிந்தவர்கள் நம் பெண்களும் ஆண்களும்.

இவ்வறிவு கங்காணியின் கண்டிப்பால் விளைந்ததேயன்றி அன்பால் விளைந்ததன்று எனலாம். அது பெரிதும் உண்மையே. எனினும் கட்டாயத்தில் தொடங்கிய பழக்கம் நாளடைவில் அக்கறையாக மாறுவதற்கு இடமுண்டு. அம்மாற்றம் நிகழ்ந்ததா, எங்கு நிகழ்ந்தது என்பதைப் பிரதிகளில் தேடுவதே திறனாய்வின் பணி. கூலிக்கு உழைத்தவருக்கு மரத்தோடு உறவே இருந்திருக்க முடியாது என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பது, அவர்களின் அகவாழ்வை இரண்டாம் முறை பறிப்பதாகும்.

லயத்தின் பின்புறம்

இலக்கியம் மிகக் குறைவாகவே நோக்கிய இடம் ஒன்றுண்டு. அது லயத்தின் பின்புறம். முருங்கை, வாழை, கறிவேப்பிலை, மருதாணி, துளசி, வெற்றிலை ஆகியவை அங்கு வளர்ந்தன. சங்கப்பாடல்கள் 'படப்பை' என்று குறித்த மனைக்கொல்லையின் தொடர்ச்சி இதுவே. ஜப்பானியர் ஆட்சிக்காலமாகிய 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாகியபோது மரவள்ளிக்கிழங்கே பலரின் உயிர்காத்தது. நிறுவனத்தின் மரம் கூலியைத் தந்தது. பின்புறத்துச் செடி உணவையும் மருந்தையும் பூசைப்பூவையும் தந்தது. வேம்பின் அடியிற் கல் நட்டுத் தொடங்கிய தோட்டக் கோயில்களும் இவ்வுறவின் விரிவே.

ஆயின் அந்நிலம் எவருடையது? இவ்வினாவைத் தவிர்த்து ஆன்மிகத் தோழமை பற்றிப் பேசுவது முறையன்று. செடி தொழிலாளியினது, மண் நிறுவனத்தினது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையோடு வீடும், வீட்டோடு கொல்லையும் கைநழுவின. இந்நெருக்கடிக்கு விடையாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு பங்குத்தொகைகளைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. இம்முயற்சியின் பொருளியற் பயன் பலவாறு மதிப்பிடப்பட்டுள்ளது. மண்ணின்மீது பற்றுக்கொண்டோர் அப்பற்றுக்குச் சட்டவடிவம் தேடிய செயல் எனும் நோக்கிலும் அதனை வாசித்தல் தகும். பின்னர் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனையிற் பல வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டன. வளர்த்த முருங்கையை விட்டு வெளியேறியவர், அதன்மீது தமக்கு உறவு உண்டென்றே கூறுவார். உரிமை உண்டெனக் கூற இயலாது. புன்னையைத் தங்கை என்ற தோழிக்கு இத்தடுமாற்றம் இல்லை. இவ்வேறுபாடே மலேசியத் தமிழ் இலக்கியத்தின் தனித்த திணைச்சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வகுப்பறைக்கு உரியது

நிர்மல் செல்வமணி போன்றோர் திணையைச் சூழலியல் கோட்பாடாக விரித்துரைத்துள்ளனர். நம் வகுப்பறைகளிலோ திணை இன்னும் முதல், கரு, உரி எனும் அட்டவணையாகவே மனனம் செய்யப்படுகின்றது. மாணவர்க்கு அம்மரங்கள் அயல்நாட்டுப் பெயர்களாய்த் தோன்றுகின்றன. உண்மையில் புன்னை மலேசியக் கடற்கரைகளில் 'பெனாகா லாவுட்' என்னும் பெயரில் வளர்கின்றது. தெருவோரங்களில் மஞ்சட்பூ உதிர்க்கும் அங்சானா, சங்கப்புலவர் பாடிய வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. தில்லைக்குப் பெயர்தந்த தில்லைமரம் இந்நாட்டுச் சதுப்புநிலக் காடுகளிலும் உண்டு. அது பால்வடியும் மரம். ரப்பர் மரமும் அதன் தாவரக் குடும்பமே. கோயில்மரமும் கூலிமரமும் ஓரினத்தார் என்பதை அறியும் மாணவர், நற்றிணையையும் தோட்டப்புற நாவலையும் ஒரே தொடர்ச்சியில் வாசிக்கும் வாய்ப்பைப் பெறுவார். மாணவர் தம் பாட்டி வளர்த்த செடிகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டெழுதுதல் திணைப்பாடத்தின் ஒரு பயிற்சியாகவும் அமையலாம்.

முடிவுரை

செடியோடு கொள்ளும் தோழமை தமிழ் மரபில் ஒற்றை வடிவினதன்று. புன்னை உடன்பிறந்த உறவு, நந்தவனம் தொண்டுறவு, பால்மரம் கட்டாயத்திற் பிறந்து கையறிவாய் வளர்ந்த உறவு, லயத்துக் கொல்லை உரிமையற்ற மண்ணில் நிலைத்த உறவு. இவற்றைப் பிரித்தறிந்து வாசித்தால் மட்டுமே 'ஆன்மிகம்' என்னும் சொல் இவ்வாய்வில் பொருளுடையதாகும். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை அருகி வருகின்றது. அவர்கள் வளர்த்த செடிகளின் பெயர்களும் அவற்றை வளர்த்த முறைகளும் பதிவு செய்யப்படாமற் போயின், தோட்டப்புற இலக்கியத்தின் ஒருபாதி உரையாசிரியரின்றி நிற்கும். அப்பதிவை மேற்கொள்ளும் பொறுப்பு பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் உரியது.