மேத்தா புத்தகமும் இரண்டாவது பள்ளமும்

அத்திப்பட்டுப் பக்கம் ஒரு ஆலையில் நண்பர் மின்பராமரிப்பு பார்க்கிறார். வளாகத்துக்குள் 11 கேவி கேபிள் பழுதாகி, டிடிஆர் கருவி காட்டிய மீட்டர் கணக்கில் பள்ளம் தோண்டினார்கள். கேபிள் பளபளன்னு இருந்தது. இருபது மீட்டர் முன்னால் இரண்டாவது பள்ளம். கருகிய ஜாயிண்ட் அங்கேதான். "கருவி பொய் சொல்லுமா?" என்று கேட்டார். பதில் தேடி, பி.இ.யில் படித்த வி.கே. மேத்தா, ரோஹித் மேத்தாவின் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் பவர் சிஸ்டம்' எடுத்து நிலத்தடி கேபிள் அத்தியாயத்தைப் புரட்டினேன்.

பழுதின் இடம் கண்டுபிடிக்க அதில் இருப்பது மர்ரே லூப், வார்லி லூப். இரண்டும் தந்திக் காலத்துச் சரக்கு. விளக்கம் தெளிவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லூப் போட நல்ல நிலையில் ஒரு கோராவது வேணும். ஜேசிபி மூன்று கோரையும் அறுத்துவிட்டால் மர்ரேக்கு வேலையே இல்லை. டிடிஆருக்கோ அதுதான் ரொம்ப சுலபம்: துடிப்பை அனுப்பு, எதிரொலி திரும்பும் நேரத்தை அள. கோர் அறுந்திருந்தால் எதிரொலி மேல்நோக்கி எழும்பும். ஷார்ட் ஆனால் தலைகீழாக வரும். நான் படித்த பதிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என் பெரிய குறை அது இல்லை. புத்தகக் கணக்கு ஒவ்வொன்றிலும் கேபிளின் நீளம் தரப்பட்டிருக்கும். ரோட்டில் அதை யார் தருவார்? டிடிஆரும் இதே பிள்ளைதான், வேகத்தைக் கேட்கும். எக்ஸ்எல்பிஇ கேபிளில் மைக்ரோ விநாடிக்கு 160 மீட்டர் என்று வைத்தால், 10 மைக்ரோ விநாடி எதிரொலி 800 மீட்டர் காட்டும் (போய்வரும் தூரம், அதனால் பாதி). 170 வைத்தால் 850. ஐம்பது மீட்டர் வித்தியாசம்! நல்ல கோரில் மறுமுனை எதிரொலியை வைத்து வேகத்தைச் சரிபண்ணலாம்தான். அதற்கும் நீளம் தெரியணும்.

நண்பர் வேகத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தார். வரைபடம் பாதையின் நீளத்தைச் சொன்னது, கருவி கேபிளின் நீளத்தைச் சொன்னது. நடுவில் ஜாயிண்டுகளில் பின்னாளைக்கு என்று சுருட்டி விட்ட கேபிள் எந்தத் தாளிலும் இல்லை. இரண்டாவது பள்ளத்தில் இறங்கினவருக்கு அந்த இருபது மீட்டர் என்றால் சேறும் உப்புத் தண்ணியுமாக ஒரு முழு ராத்திரி. பக்கத்திலேயே உயிருள்ள வேறு கேபிள்கள் வேறு.

இன்னொன்று. ஈரம் இறங்கிய ஜாயிண்டில் பழுதின் மின்தடை ஆயிரம் ஓம், கேபிளின் இயல்பு மின்மறுப்பு 30 ஓம் என்றால், திரும்புவது அனுப்பியதில் ஒன்றரை சதவீதம்தான். திரையில் கண்டே பிடிக்க முடியாது. அப்போது உயர் அழுத்தத் துடிப்பு கொடுத்து, பழுதில் பொறி வெடிக்கும் 'தொம்' சத்தத்தைத் தரையில் மைக் வைத்துக் கேட்பார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டோரம் பகலில் அது எப்படிக் கேட்கும்? அதனால்தான் ராத்திரி வேலை.

அடுத்த பதிப்பில் மேத்தா ஒரு கணக்கு சேர்க்கலாம்: எதிரொலி நேரம் 9.4 மைக்ரோ விநாடி, வேகம் 160க்கும் 170க்கும் நடுவில், வழியில் மூன்று ஜாயிண்ட், ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் எட்டு மீட்டர் சுருள். முதல் பள்ளத்தை எங்கே தோண்டுவீர்கள்?