அசலும் திருத்தமும்: கைக்கடிகாரச் சேகரிப்பு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அன்றாடப் பயன்பாட்டில் தன் முதலிடத்தை இழந்த பின்னரே ஒரு கருவி பெரும்பாலும் சேகரிப்போரின் கவனத்துக்கு உரியதாகின்றது. இயந்திரக் கைக்கடிகாரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1969ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானிய நிறுவனமான சீக்கோ, குவாட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு நேரங்காட்டும் அஸ்ட்ரோன் என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. சுருள்வில்லும் பற்சில்லும் தர இயலாத துல்லியத்தை இலத்திரனியல் தந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை வழங்கிய சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழில், 1980களின் நடுப்பகுதியில் 30,000 பேரளவுக்குச் சுருங்கியது. நேரங்காட்டும் போட்டியில் இயந்திரக் கடிகாரம் தோற்ற அக்காலப்பகுதியை அடுத்தே, பழைய கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்போரின் உலகம் விரிந்து வளர்ந்தது.

இவ்வுலகில் மூவகை முயற்சிகளைக் காணலாம். பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்த்தல் ஒன்று. பழுதுற்றவற்றைச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்தல் மற்றொன்று. உறுப்புகளை விரும்பியவாறு மாற்றிப் புதுவடிவம் கொடுத்தல் மூன்றாவது. மூன்றையும் மதிப்பிடுவதற்குச் சேகரிப்போர் பயன்படுத்தும் தலையாய அளவுகோல் ஒன்றே. ‘அசல்’ என்ற சொல்லே அது. மாற்றம் எதுவும் பெறாத கடிகாரம் உயர்ந்தது. செப்பனிடப்பட்டது அதற்கு அடுத்தது. மாற்றியமைக்கப்பட்டது கடைநிலையானது என்ற வரிசை பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. இவ்வளவுகோல் எதனை அளக்கின்றது, எதனை அளக்கத் தவறுகின்றது என்பது ஆராயத்தக்கது.

அசல் தன்மை மீதான பற்று, அதன் தொடக்கத்தில், வரலாற்றுணர்வின் வெளிப்பாடே என்பதை மறுக்க முடியாது. டயல் எனப்படும் முகப்புத் தட்டு நிறம் மங்கியதும் பழைய பூச்சைச் சுரண்டி நீக்கி, புதிய வர்ணம் பூசி, எழுத்துகளை மீண்டும் அச்சிடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அவ்வாறு அச்சிடும்போது எழுத்தின் தடிப்பும் இடைவெளியும் மாறுபடுகின்றன. நிமிடக் கோடுகள் இடம் விலகுகின்றன. ஆறாம் எண்ணின் கீழ் இருந்த நாட்டின் பெயர் சில வேளை மறைந்தே போகின்றது. உலோகக் கூட்டை அளவுக்கு மீறி மெருகிட்டால் கூரிய விளிம்புகள் உருண்டு, பொறித்த எண்களும் தேய்கின்றன. உருவாக்கியவனின் கைத்திறனுக்குச் சான்றாக இருந்தவை இவ்வாறு அழிகின்றன. அவ்வழிவைக் கண்டு வருந்துவோரின் மனநிலை மதிக்கத்தக்கதே.

ஆயினும் கைக்கடிகாரம் ஓவியம் அன்று. அது இயங்குவதற்கென ஆக்கப்பட்ட பொறி. மணிக்கு 18,000 அதிர்வுகள் கொண்ட பழைய கடிகாரமொன்று ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்கின்றது. பற்சில்லுகளின் அச்சுகளில் இட்ட எண்ணெய் காலப்போக்கில் உலர்கின்றது. உலர்ந்த நிலையில் ஓடும் அச்சு தேய்கின்றது. சுருள்வில் தளர்கின்றது அல்லது முறிகின்றது. எனவே திருத்துநரின் கை பல முறை படாமல் எந்தக் கடிகாரமும் அரை நூற்றாண்டு ஓடியிருக்க முடியாது. தயாரித்த நிறுவனங்களே, திருத்துவதற்கு வந்த கடிகாரங்களின் பழைய முகப்பையும் முள்ளையும் நீக்கிப் புதியவற்றைப் பொருத்திக் கொடுத்தமை உண்டு. அன்றைய உரிமையாளர் அதனைச் சிறந்த சேவையாகவே கருதினார். இன்றைய சேகரிப்பாளர் அதனையே குறையாகக் கணிக்கின்றார். முற்றிலும் அசலாகவும் நன்கு இயங்குவதாகவும் இருக்கும் பழைய கடிகாரம் என்பது பெரும்பாலும் முரண்பட்ட கோரிக்கையே.

இம்முரண்பாட்டைச் சந்தை தனக்குரிய வழியில் தீர்த்துக்கொண்டது. உள்ளே தேய்ந்த சுருள்வில்லை மாற்றினால் விலை குறைவதில்லை. முகப்பை மாற்றினால் பெரிதும் குறைகின்றது. கண்ணுக்குப் புலப்படும் மெல்லிய தகட்டிலேயே பொருளின் விலை பெருமளவு தங்கியுள்ளது. அன்றியும், எல்லா மாற்றங்களும் சந்தைக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. நடிகர் போல் நியூமன் அணிந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. கவனமாக வாகனம் ஓட்டுமாறு வேண்டும் அவர் மனைவியின் சொற்கள் அதன் பின்மூடியில் பொறிக்கப்பட்டிருந்தன. பெயரறியாத ஒருவரின் மனைவி அவ்வாறு பொறித்திருந்தால் அது கீறல் எனக் கருதப்பட்டிருக்கும். நியூமன் இக்கடிகாரத்தை 1984இல் தம் மகளின் நண்பருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கொடுத்தவருக்கு அது பயன்பெறுமதி உடைய ஒரு பொருள். ஏலத்தில் எடுத்தவருக்கு அது மாற்றுப்பெறுமதியின் திரண்ட வடிவம்.

அசல் என்ற சொல் விலையின் மறுபெயராகும்போது, அசலைச் செயற்கையாகப் படைக்கும் தேவையும் தோன்றுகின்றது. 1950களின் ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் ஒன்று 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஜெனீவாவில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. கறுப்பு நிறமாயிருந்து காலத்தால் கபில நிறமாகிய முகப்பு அதன் சிறப்பாகப் போற்றப்பட்டது. அதனை வாங்கியது ஒமேகா நிறுவனமே. ஆனால் அது வெவ்வேறு இடங்களிலிருந்து பெற்ற உறுப்புகளை இணைத்து ஆக்கிய கடிகாரம் என்றும், தன் முன்னாள் ஊழியர் சிலர் இதில் தொடர்புற்றிருந்தனர் என்றும் 2023இல் அந்நிறுவனமே அறிவித்தது. பல உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து ஆக்கிய கதைமாந்தனை நினைவூட்டும் பெயரால் சேகரிப்போர் இத்தகைய கடிகாரங்களைக் குறிப்பிடுவர். தயாரித்த நிறுவனத்தின் கண்ணையே மயக்கவல்ல ‘அசல்’ எதனை உறுதிப்படுத்துகின்றது என்ற வினாவை இந்நிகழ்ச்சி எழுப்பியது.

அசல் தன்மையை முற்றாகப் புறக்கணிப்பதும் பொருந்தாது. இரேடியம் கலந்த ஒளிர்பூச்சு இதனைத் தெளிவுபடுத்தும். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்ச் நகரில் இளம் பெண்கள் கடிகார முகப்பு எண்களுக்கு இப்பூச்சைத் தீட்டினர். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. நோயுற்று மடிந்தோர் பலர். பெண்கள் ஐவர் 1927இல் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கமாக முடிந்தது; தொழிலாளர் பாதுகாப்பின் வரலாற்றில் அது ஒரு திருப்பமாயிற்று. இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளியை வெளிவிடும் நாகசல்பைட்டு சில பத்தாண்டுகளில் சிதைவதால் எண்கள் இருண்டுவிடுகின்றன, கதிர்த்தொழிற்பாடோ ஓய்வதில்லை. இதனைச் சுரண்டும் திருத்துநர் நஞ்சுத் தூசியைச் சுவாசிக்க நேரும். சுரண்டி நீக்கினால் அத்தொழிலாளரின் கைத்தடமும் நீங்கும். சேகரிப்போரிற் பெரும்பாலோர் இப்பூச்சின் பழுப்பு நிறத்தின் அழகையே பேசுகின்றனர். புதிய கடிகாரங்களுக்கும் அதே பழுப்பு நிறத்தைத் தொழிற்சாலையிலேயே பூசி விற்கும் நிறுவனங்கள் உள. வரலாறு நீங்கி நிறம் மட்டும் எஞ்சும் நிலை இது.

இதற்கு மறுபுறமாக இந்தியாவின் எச்.எம்.ரி. கடிகாரங்களை நோக்கலாம். யப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் தொடங்கிய அரசுத்துறைத் தொழிற்சாலை, ‘ஜனதா’ முதலிய கடிகாரங்களால் கடிகாரத்தைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச் செய்தது. எச்.எம்.ரி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016இல் இந்திய அரசு ஒப்புதல் வழங்கியது. பழைய எச்.எம்.ரி. கடிகாரங்களையும் ஏனைய நாட்டுக் கடிகாரங்களையும் பிரித்துச் சேர்த்து, முகப்புகளைப் பளிச்சிடும் நிறங்களில் மீள அச்சிட்டு விற்கும் சிறு பட்டறைகள் பல அந்நாட்டில் உள்ளன. மேலைநாட்டுச் சேகரிப்போர் இவற்றை மும்பையின் பெயரால் குறிப்பிட்டு எள்ளுவர். உறுப்பு கிடைக்காத நிலையில் ஒரு கடிகாரத்தை ஓடவைக்கும் திறமை எள்ளத்தக்கதன்று. அணிபவருக்குத் தேவையானது ஓடும் கடிகாரமே. ஆனால் அதே கடிகாரத்தைத் தொழிற்சாலையின் பழைய முகப்புடையது எனக் கூறி விற்கும்போது, முன்னர்க் கண்ட ஜெனீவா நிகழ்ச்சிக்கும் இதற்கும் வேறுபாடு தொகையில் மட்டுமே உள்ளது.

மூன்றாவது முயற்சியாகிய மாற்றியமைத்தல் இவ்விடத்தில் புதிய பொருள் பெறுகின்றது. சீக்கோவின் எஸ்.கே.எக்ஸ். 007 என்ற சுழியோடிக் கடிகாரம் 1996இல் வெளிவந்து 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் 7எஸ்26 இயந்திரத்தைக் கையால் சாவி கொடுத்து முறுக்க இயலாது. நேரத்தைச் சரிசெய்யும்போது விநாடி முள்ளை நிறுத்தவும் இயலாது. இவ்விரு வசதிகளையும் கொண்ட என்.எச்.35 இயந்திரத்தை அதே கூட்டில் பொருத்தி, முகப்பையும் முள்ளையும் சுழல்வளையத்தையும் தம் விருப்பப்படி மாற்றும் ஆர்வலர் உலகெங்கும் உளர். சாதாரண விலைக் கடிகாரமாதலால் தவறு செய்து கற்க அது இடங்கொடுத்தது. இவர்கள் தம் ஆக்கத்தைப் பழையது என்றோ அசல் என்றோ கூறுவதில்லை. எதனை மாற்றினோம் என்பதைப் பட்டியலிட்டுக் காட்டுவதிலேயே பெருமை கொள்கின்றனர். அசலின் படிவரிசையில் கடைநிலையில் வைக்கப்பட்ட இவர்கள், நேர்மையின் படிவரிசையில் பல உயர்விலைக் கடிகாரங்களின் விற்பனையாளருக்கு மேல் நிற்கின்றனர்.

கட்டடங்களைப் பேணுவது குறித்து 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையுடன் இசைந்திருப்பினும் பழையதிலிருந்து பிரித்தறியக் கூடியதாயிருக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஏட்டுச் சுவடிகள் அச்சேறிய வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிய கருத்தன்று. சிதைந்த அடியைத் தாமே நிரப்பி அதனை மறைக்கும் பதிப்பாசிரியரையும், பாடபேதங்களைக் காட்டித் தம் திருத்தத்தையும் குறிப்பிடும் பதிப்பாசிரியரையும் நாம் ஒன்றாக மதிப்பதில்லை. இருவரும் திருத்தியவரே. ஒருவர் தம் கையை மறைத்தார், மற்றவர் காட்டினார். கடிகாரத் துறைக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். மாற்றப்பட்டதா என்பது முதல் வினாவாக இருக்கத் தேவையில்லை. மாற்றம் அறிவிக்கப்பட்டதா என்பதே முதல் வினாவாக வேண்டும். கழற்றிய உறுப்பைக் கடிகாரத்துடனேயே வைத்துக் கொடுத்தலும், செய்த வேலையை எழுதி வைத்தலும் பெருஞ்செலவு கோருவன அல்ல. பழைய திருத்துநர் பலர் பின்மூடியின் உட்புறத்தில் திகதியையும் தம் குறியையும் கீறி வைத்தனர். இவ்வொழுக்கத்தின் தொன்மையான வடிவம் அதுவே.

இவ்வாறு நோக்கின், திருத்துநரின் இடமும் மாறுகின்றது. அசல் என்ற அளவுகோலின்படி அவர் பொருளின் தூய்மைக்கு ஊறு செய்பவர். அவர் வேலை கண்ணுக்குத் தெரியாதவரையே பாராட்டுக்குரியது. வரலாற்று நோக்கிலோ, தொழிற்சாலையில் பொருத்தியவரைப் போலவே அவரும் அப்பொருளின் ஆக்கத்திற் பங்காளி. அவரின்றி எந்தப் பழைய கடிகாரமும் இன்று துடித்துக்கொண்டிராது. பேழைக்குள் வைத்துப் பூட்டிய, ஓடாத, தீண்டப்படாத கடிகாரத்தையே சேகரிப்பின் உச்சம் எனக் கொள்ளும் இரசனை, இக்கைத்தொழிலுக்குத் தேவையில்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். தொழில் அழிந்தபின் எஞ்சும் அசல், உலோகத் துண்டுகளின் தொகுதியாக மட்டுமே இருக்கும். கைக்கடிகாரச் சேகரிப்பு உண்மையான பண்பாட்டு முயற்சியாக நிலைபெற வேண்டுமாயின், முகப்பைப் போற்றும் அளவுக்குப் பின்மூடியின் உட்புறத்தையும் திறந்து வாசிக்க அது பழகுதல் வேண்டும்.