சாவு வீட்டிலிருந்து கைப்பேசிக்கு: கொருக்குப்பேட்டைக் கானாவும் தலைமுறை இரசனையும்

ஆய்வுச் சுருக்கம்

வெகுமக்கள் இசையில் ஒருவருடைய இரசனை, அவர் இளமையில் கேட்ட பாடல்களால் பெரிதும் முடிவாகிவிடுகிறது என்பது பரவலான கருத்து. வடசென்னைக் கானாவை முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. வயது இரசனையைப் பிரிப்பதற்கு முன் கேட்கும் இடங்கள் வயதுவாரியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பதும், மரண கானா அவ்வாறு பிரியாத ஓர் இடத்தில் வளர்ந்தது என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கானா, மரண கானா, தலைமுறை, இரசனை, கேட்பிடம், கொருக்குப்பேட்டை

1. சிக்கல்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, இராயபுரம் ஆகிய பகுதிகளில் கானா பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்து விழும். ஐம்பதைக் கடந்தவர்கள், இப்போது பாடுவது கானாவே இல்லை என்பார்கள். இருபதுகளில் இருப்பவர்கள், பெருசுகள் சொல்லும் கானா இழுவை என்பார்கள். கானா குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றை வழிமொழிகின்றன. ஒன்று, திரைப்படமும் யூடியூபும் ஒரு மண்ணின் கலையைக் கெடுத்துவிட்டன என்ற புலம்பல்; அல்லது, ஒடுக்கப்பட்ட இளைஞர்களின் குரல் இப்போதுதான் வெளிவருகிறது என்ற கொண்டாட்டம். இரண்டுமே 'கானா' என்னும் ஒரே சொல் மூன்று தலைமுறைகளிடம் மூன்று வெவ்வேறு கேட்டல் முறைகளைக் குறிக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. இத்தீர்ப்புகளில் எது சரி என்று சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. இப்படி இரண்டு தீர்ப்புகள் உருவாவதற்கு எது காரணம் என்பதே வினா.

2. இளமையும் இரசனையும்: கிடைக்கும் விளக்கங்கள்

மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் ஆகியோர் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. வெவ்வேறு வயதினரான 108 அமெரிக்கர்களுக்கு, அரை நூற்றாண்டுக் காலத்தைச் சேர்ந்த 28 பாடல்களின் பகுதிகளை ஒலிக்கவிட்டு அவர்கள் விருப்பத்தை அளந்தனர். ஒருவருக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்தபோது புகழ்பெற்றிருந்த பாடல்களே அவருக்குப் பிற்காலத்திலும் மிகவும் பிடிக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. எம்.ஜி.ஆர். பாடல்களை விட்டால் பாட்டே இல்லை என்னும் தாத்தாவையும், இளையராஜாவோடு இசை முடிந்துவிட்டது என்னும் அப்பாவையும் அறிந்த எவருக்கும் இம்முடிவு வியப்பளிக்காது.

ஆனால் இம்முடிவில் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது. கேட்பவர் தனியாள்; தனக்குப் பிடித்ததைத் தேர்ந்து கேட்பவர்; அப்படித் தேர்ந்தவற்றின் தொகையே அவரது இரசனை. வானொலிப் பெட்டியும் இசைத்தட்டும் வீட்டுக்கு வீடு இருந்த ஒரு சமூகத்தில் இந்த எடுகோளில் சிக்கல் இல்லை. ஒற்றையறை வீடுகளில், அடுத்த வீட்டு ஓசையும் தன் வீட்டு ஓசையும் ஒன்றாகவே ஒலிக்கும் தெருவில், இருபது வயதில் ஒருவர் கேட்ட பாடலை அவர் 'தேர்ந்தார்' என்று சொல்ல முடியுமா என்பது ஐயம்.

கார்ல் மன்ஹைம் 1928இல் எழுதிய தலைமுறை பற்றிய கட்டுரை இங்கே கூடுதலாக உதவுகிறது. ஒரே காலத்தில் பிறந்ததனால் மட்டும் ஒரு தலைமுறை உருவாவதில்லை என்பார் அவர். பொதுவான வரலாற்று அனுபவம் வேண்டும். அவ்வனுபவத்தை ஒரே தலைமுறைக்குள்ளேயே எதிரெதிராக எதிர்கொள்ளும் அலகுகளும் உண்டு. எனினும், தலைமுறைகள் ஒன்றையொன்று எங்கே சந்திக்கின்றன என்பதை மன்ஹைமும் போதிய அளவு விளக்கவில்லை. இசையைப் பொறுத்தவரை அவ்விடத்தைக் 'கேட்பிடம்' என இக்கட்டுரை குறிக்கிறது: யார் யாருடன், எந்த நேரத்தில், விரும்பியோ விரும்பாமலோ ஒரு பாடலைக் கேட்கிறார்கள் என்பதன் மொத்த ஏற்பாடு.

3. தேர்வில்லாத கேட்பிடம்

கொருக்குப்பேட்டை, சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் தடத்தில், சரக்கு ரயில் முற்றத்தை ஒட்டி வளர்ந்த பகுதி. துறைமுகம், ரயில்வே, கிடங்குகள், மில்கள் ஆகியவற்றை நம்பி வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்புகளின் தொடர்ச்சியில் இது ஒரு கண்ணி. இத்தகைய தெருவில் ஒருவர் இறந்தால், சாமியானா வீட்டுக்கு முன்னால் போடப்படுவதில்லை. தெருவின் குறுக்கே போடப்படுகிறது. வீட்டுக்குள் இடமில்லை என்பதுதான் காரணம். அதன் விளைவாக அன்றிரவு தெருவே சாவு வீடாகிறது. உடலைக் கிடத்திய பெட்டியருகே பெண்கள் ஒப்பாரி வைக்க, பந்தலின் மறுபுறம் டோலக்கோ டேப்போ பேங்கோஸோ வைத்துக்கொண்டு ஆண்கள் பாடும் கானா விடியும்வரை நீளும். பதினாறாம் நாள் காரியத்திலும் அது மீண்டும் ஒலிக்கும்.

இந்தப் பாடல் மரபின் ஒரு நுட்பம் இரசனை பற்றிய ஆய்வுக்கு மிக முக்கியமானது. மரண கானா பெரும்பாலும் தெரிந்த திரைமெட்டில் புதிய சொற்களை ஏற்றுவது. இறந்தவரின் பெயர், தொழில், உறவு, குடிப்பழக்கம், கொடைக்குணம் ஆகியன எல்லாம் அந்த மெட்டுக்குள் வர வேண்டும். கேட்போர் மெட்டைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அவர்கள் கவனம் முழுவதும் சொல்லின் மீது நிற்கும். ஆகவே பாடகருக்கு ஒரு கட்டாயம் ஏற்படுகிறது. பந்தலில் இருக்கும் எழுபது வயது அத்தைக்கும், நாற்பது வயது மகனுக்கும், நாற்காலி எடுத்துப் போடும் பதினைந்து வயதுப் பையனுக்கும் ஒருசேரத் தெரிந்த மெட்டாக அது இருக்க வேண்டும். டி.எம். சௌந்தரராஜன் குரலில் நிலைபெற்ற மெட்டுகளும், 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய இளையராஜாவின் மெட்டுகளும் கானாவுக்குள் நெடுங்காலம் நிலைத்திருப்பதைப் பழமைப்பற்று என்று மட்டும் விளக்கிவிட முடியாது. மூன்று தலைமுறைகளின் பொதுப் பகுதி அங்கேதான் இருந்தது.

பதினைந்து வயதுப் பையன் அம்மெட்டுகளை விரும்பிக் கேட்கவில்லை. அவன் விருப்பத்தை யாரும் கேட்கவும் இல்லை. ஆயினும் சொற்கட்டில் எது இறுக்கம், எது தொய்வு, எந்த இடத்தில் பாடகர் எதுகைக்காகச் சமாளித்தார் என்று மதிப்பிடும் பழக்கத்தை அவன் பெறுவது அங்கிருந்துதான். முதியோர் இன்று 'இது கானாவே இல்லை' என்று சொல்லும்போது அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் இந்தப் பந்தலில் உருவானது. அது அவர்கள் 24 வயதில் கேட்ட பாடலின் மீதான ஏக்கம் அன்று. முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்க்கையை ஓரிரு மணி நேரத்தில் விசாரித்தறிந்து, அதனைத் தடுமாறாமல் பாட்டாக்கும் திறனின் மீதான எதிர்பார்ப்பு. (நம் கல்விப்புலத்தில் 'ஆசுகவி' என்ற சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதை இத்திறனுக்குக் கிடைப்பதில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனமில்லை.)

இந்தக் கேட்பிடம் இரசனை மாற்றத்தால் மட்டும் சுருங்கவில்லை. இரைச்சல் மாசு விதிகள் (2000) இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. விடிய விடியப் பாடுவது என்பது அதன்பின் காவல் துறையின் கண்டும் காணாமையைப் பொறுத்த ஒன்றாகிவிட்டது. மேலும், நகரின் கால்வாயோர, ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டனர். பல மாடிக் குடியிருப்பில் தெருவின் குறுக்கே பந்தல் போட முடியாது என்பதைவிட, பந்தலில் வந்து உட்கார வேண்டிய மூன்று தலைமுறையினர் நகரின் இரு முனைகளில் சிதறிப்போனார்கள் என்பதே பெரிய இழப்பு.

4. சாவிலிருந்து காதலுக்கு

திரைப்படம் கானாவை ஊரறியச் செய்தது. கூடவே அதன் வயதையும் மாற்றியது. 1990களில் தேவா இசையமைத்த பாடல்கள் வழியாகக் கானா தமிழகம் முழுவதும் பரவியது. 'காதல் கோட்டை'யில் (1996) அவரே பாடிய பாடல் அதற்குத் தெரிந்த சான்று. திரைக்கானாவின் பெரும்பகுதி இளைஞனின் காதலையும், காதல் தோல்வியையும், நண்பர் கூட்டத்தையும் பாடியது. சாவு எந்த வயதினரும் கூடும் பொருள். காதல் தோல்வியோ ஒரு வயதினரின் பொருள். 2015இல் வெளியான 'அனேகன்' படத்தில் மரண கானா விஜி, தனுஷுடன் சேர்ந்து பாடியிருக்கிறார். பாடல் நாயகனின் துள்ளாட்டத்துக்கானது. 'மரண' என்பது பாடகரின் பெயருக்கு முன்னுள்ள அடைமொழியாக மட்டுமே அங்கு எஞ்சியது.

இதற்கு விதிவிலக்காகக் கொள்ளத்தக்கது 'சித்திரம் பேசுதடி' (2006). மிஷ்கின் இயக்கிய அப்படத்தில், சுந்தர் சி. பாபுவின் இசையில், கானா உலகநாதன் பாடித் திரையிலும் தோன்றிய மீன்களின் கல்யாணப் பாடல் குழந்தைகள் முதல் முதியோர் வரை எல்லாரையும் சென்றடைந்தது. அப்பாடல் நாயகனின் உள்ளத்தைப் பேசவில்லை. மீன் வகைகளை உறவுமுறைகளாக்கி அடுக்கிச் செல்கிறது. காசிமேட்டு மீன்களை அறிந்தவர்க்கு அவ்வடுக்கில் கூடுதல் சுவை உண்டு; அறியாதவர்க்கும் கல்யாண வீட்டு உறவுகள் தெரியும். ஒரு கூட்டத்தையே விளித்துப் பாடும் கானாவின் பழைய பண்பு இதில் தங்கியிருந்தது. எல்லா வயதினரையும் அது தொட்டதற்கு மெட்டின் எளிமையைவிட இப்பண்பே காரணம் என்பது என் கணிப்பு. 'அட்டகத்தி'யில் (2012) கானா பாலா பாடியவை மிகுந்த வரவேற்பைப் பெற்றன என்றாலும், அவை இளைஞர்களின் பாடல்களாகவே கொண்டாடப்பட்டன.

5. கைப்பேசித் தலைமுறையும் அதன் இரு அலகுகளும்

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவு மலிவானது. வடசென்னை இளைஞர்கள் தாமே எழுதி, பாடி, படம்பிடித்து யூடியூபில் ஏற்றும் கானா பெருகியது. இவர்களது அளவுகோல் வேறு: தாளத்தின் வேகம், பாடலின் நீளம், காணொளியின் வெட்டு, ஆட்டத்துக்கு இசைவாக அமைவது. சொற்கட்டு இவ்வரிசையில் பின்னால் நிற்கிறது. புறநகர் ரயிலில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு கேட்கும் இளைஞனுக்கு இப்போதுதான் முதன்முறையாக 'தேர்வு' வாய்க்கிறது. ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் கருதிய தனிக் கேட்பாளர் கொருக்குப்பேட்டையில் இப்போதுதான் தோன்றுகிறார் என்று சொன்னால் மிகையாகாது. தலைமுறை இரசனை என்பது இங்கு இயற்கையாக முன்பே இருந்து, கைப்பேசியால் வெளிப்பட்ட ஒன்றன்று. கேட்பிடம் பிரிந்ததன் விளைவு அது.

ஆனால் இத்தலைமுறையும் ஒருபடித்தானதன்று. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் பெற்ற இக்குழு, கானாவை ராக், ராப் ஆகியவற்றோடு இணைத்தது. ஒரே வயதுடைய, ஒரே தெருக்களில் வளர்ந்த பாடகர்களில் ஒரு சாரார் காதல் தோல்வியைப் பாட, மற்றொரு சாரார் இடஒதுக்கீட்டையும் ஆணவக் கொலையையும் பாடினர். மன்ஹைம் கூறும் தலைமுறை அலகுகளுக்கு இதைவிடத் தெளிவான தமிழ்ச் சான்று எளிதில் கிடைக்காது. எனினும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இக்குழுவின் அவையில் படித்த நடுத்தர வர்க்க இளைஞர்களின் பங்கு பெரிது. கொருக்குப்பேட்டை அத்தைக்கு அந்த அவையில் இருக்கை உண்டா? சாதியைக் கடக்கும் ஓர் இசை, வயதைக் கடக்கவில்லை என்றால், அது பழைய பந்தலின் முழு இடத்தையும் நிரப்பிவிட்டதாகக் கருத முடியாது.

இதே குழுவில் பாடிய இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, 2020ஆம் ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். முன்னர்ச் சுட்டிய பந்தலில் ஒப்பாரி பெண்களுக்கும் கானா ஆண்களுக்கும் எனப் பிரிந்திருந்ததை நினைவில் கொண்டால், அவர் பாடுவது தலைமுறை மாற்றம் என்பதன் பொருளையே நீட்டுகிறது. பழைய கேட்பிடம் எல்லா வயதினரையும் சேர்த்துவைத்தது. பாடுவோரில் பாதிப்பேரை வெளியே நிறுத்தியது. அதனை இழந்ததற்காக வருந்துவோர் இதனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

6. துறைகளின் பங்கு

தலைமுறைப் பிளவை உறுதிப்படுத்துவதில் கல்விப்புலத்துக்கும் பங்கு உண்டு. மரண கானாவை நாட்டார் வழக்காற்றியலுக்குள்ளும், யூடியூப் கானாவை வெகுசனப் பண்பாட்டு ஆய்வுக்குள்ளும் வைப்பது நம்மிடையே இயல்பாகிவிட்டது. முன்னதற்குத் 'தூய்மை'யும் பின்னதற்குச் 'சந்தை'யும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. திரைமெட்டை வாங்கிக்கொண்ட மரண கானா ஒருபோதும் தூயதாக இருந்ததில்லை. சான்றுகளின் நிலையும் சமமாக இல்லை. திரைக்கானா எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், ஆய்வேடுகள் அதனையே மீண்டும் மீண்டும் பகுத்தாய்கின்றன. பந்தலில் ஒரே இரவுக்கு உருவாகி மறைந்த பாடல்களோ, பாடியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன, அவர்களுக்கும் வயதாகிறது. இந்நிலையில் களப்பணியில் 'உங்களுக்குப் பிடித்த கானா எது?' என்ற வினாவோடு வயதைக் குறித்துக்கொண்டு வருவது, விடையை வினாவுக்குள்ளேயே வைத்துக் கேட்பதாகும். 'கடைசியாக எந்தச் சாவில் கானா கேட்டீர்கள், யாரெல்லாம் உடனிருந்தார்கள், எந்த மெட்டு?' என்று தொடங்கினால் வேறு வகைத் தரவு கிடைக்கும்.

அண்மைக் காலத்தில் மரண கானாவும் யூடியூபில் ஏறத் தொடங்கியிருக்கிறது. இறந்தவரின் பெயரையும் படத்தையும் தாங்கிய காணொளிகள் ஏராளமாகக் காணக் கிடைக்கின்றன. படம்பிடிப்பவர் இளைஞர். கேமரா பாடகரையும் தாளக் கருவியையும் சுற்றி வருகிறது. ஒப்பாரி வைக்கும் பெண்கள் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார்கள், அவர்கள் குரல் மட்டும் இடையிடையே ஒலிப்பதிவில் நுழைந்துவிடுகிறது. இறந்தவரை அறியாத பல்லாயிரவர் அதனைத் தனித்தனியே கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது, மெட்டு தெரியும்.